அழுகையின் வளைகோடு

பச்சைக் குழந்தை ஒரு நாளில் எவ்வளவு நேரம் அழும்? பாட்டிகளிடம் கேட்டால், "புள்ளைன்னா அழத்தான் செய்யும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் அதைக் கணக்கெடுத்தே பார்த்தார். எண்பது தாய்மார்களிடம் தினக்குறிப்பு எழுதச் சொன்னார். பிறந்த முதல் பன்னிரண்டு வாரங்களில் குழந்தை எப்போது அழத் தொடங்கியது, எப்போது ஓய்ந்தது என்று அவர்கள் குறித்துக்கொண்டே வந்தார்கள். எல்லாமே நோய்நொடி இல்லாமல், பால் குடித்து நன்றாக எடை கூடிய குழந்தைகள்.

1962-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவைத் தாளில் வரைந்தால் ஒரு குன்று போல எழும். இரண்டாம் வாரத்தில் நாளொன்றுக்குச் சுமார் ஒன்றே முக்கால் மணி நேர அழுகை. ஆறாம் வாரத்தில் அது இரண்டே முக்கால் மணி நேரமாக ஏறுகிறது. பிறகு வாரத்துக்கு வாரம் இறங்கி, மூன்று மாதம் நிறையும்போது பெருமளவு அடங்கிவிடுகிறது. மாலையிலும் முன்னிரவிலும்தான் அழுகை அதிகம். 2017-ல் பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்தவர்கள், உச்சி அவ்வளவு கூர்மையாக இல்லை, முதல் ஆறு வாரமும் நாளுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் என்றே ஓடுகிறது என்றார்கள். அதன்பின் இறங்குகிறது என்பதில் அவர்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

இது வளர்ப்பின் கோளாறாக இருக்குமோ? போட்ஸ்வானாவின் குங் சான் மக்கள் குழந்தையை நாள் முழுவதும் உடம்போடு சேர்த்தே சுமக்கிறார்கள், சிணுங்கியதுமே பால் கொடுக்கிறார்கள். அங்கும் தொடக்க மாதங்களில் அழுகை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் சீக்கிரம் ஓய்ந்துவிடுவதுதான் வித்தியாசம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அவர்களுக்கு அழுகை உச்சம் வருவது பிறந்த நாளிலிருந்து ஆறு வாரத்தில் அல்ல. பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஆறு வாரத்தில். ஆக, இந்தக் கடிகாரம் குழந்தையின் நரம்பு மண்டலத்துக்குள் ஓடுகிறது. அம்மாவின் பாலிலோ பாட்டியின் கைப்பக்குவத்திலோ அதைத் தேடிப் பயனில்லை.

இப்போது இன்னொரு வளைகோடு. உலுக்கியதால் மூளை காயமடைந்து கலிஃபோர்னியா மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் வயதை, ரொனால்டு பார் என்ற குழந்தை வளர்ச்சி மருத்துவரும் அவருடைய சகாக்களும் 2006-ல் வாரவாரியாக வரிசைப்படுத்தினார்கள். எண்ணிக்கை இரண்டு, மூன்று வாரத்தில் தொடங்குகிறது, பத்திலிருந்து பதிமூன்றாம் வாரத்துக்குள் உச்சம் தொடுகிறது, பிறகு சரிகிறது. அழுகைக் கோட்டின் அதே வடிவம், சில வாரம் பின்தங்கி வருகிறது. முதல் முறை உலுக்கும்போதே எல்லாக் குழந்தையும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதில்லை என்பது அந்த இடைவெளிக்கு ஒரு விளக்கம்.

இந்த இரண்டு கோடுகளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் தடுப்புக்கு வழி புலப்பட்டது. எப்போது ஆபத்து வரும் என்பது முன்கூட்டியே தெரிகிற காயம் இது.

மண்டைக்குள் நடப்பது

பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலை. வளர்ந்தவருக்கு அது எட்டில் ஒரு பங்குதான். அந்தப் பெரிய தலையைத் தாங்கும் கழுத்துத் தசைகளுக்கோ இன்னும் வலுவே வரவில்லை. தலை நிற்கவே மூன்று மாதத்துக்கு மேல் ஆகும் என்பது குழந்தையைத் தூக்கிய எல்லோருக்கும் தெரியும். மூளையும் முதிர்ந்தவர்களின் மூளையைப் போன்றதல்ல. நீர்ச்சத்து அதிகம், நரம்பிழைகளைச் சுற்றி உறைபோல் படியும் கொழுப்புப் பூச்சு இன்னும் முழுமை பெறவில்லை. இளநீருக்குள் இருக்கும் வழுக்கையைப் போல அவ்வளவு இளசு.

கோபத்தின் உச்சியில் ஒருவர் குழந்தையின் மார்பை இரு கைகளாலும் பிடித்து உலுக்கும்போது, தலை முன்னும் பின்னும் வீசப்படுவதோடு கழுத்தை அச்சாகக் கொண்டு சுழலவும் செய்கிறது. மண்டை ஓடு ஒரு பக்கம் திரும்பும்போது உள்ளிருக்கும் மூளை சற்றுத் தாமதமாகத் திரும்புகிறது. மூளையின் மேற்பரப்பிலிருந்து கிளம்பி, வெளியுறையில் இருக்கும் பெரிய ரத்தக் குழாய்களில் சேரும் மெல்லிய சிரைகள் இரண்டுக்கும் நடுவே இழுபட்டு அறுகின்றன. மூளையின் மேல் ரத்தம் மெல்லிய படலமாகப் பரவுகிறது. கண்ணுக்குள்ளும் இதே கதை: கண்ணை நிரப்பியிருக்கும் கூழ்மம் குழந்தைப் பருவத்தில் விழித்திரையோடு இறுக ஒட்டியிருப்பதால், உலுக்கல் விழித்திரையை இழுத்துப் பல இடங்களில் ரத்தக் கசிவை உண்டாக்குகிறது.

ரத்தக் கசிவைவிடக் கொடியது ஒன்று உண்டு. உலுக்கப்பட்டு இறந்த குழந்தைகளின் மூளைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்த பிரிட்டிஷ் நரம்பு நோய்க்குறியியல் வல்லுநர் ஜெனியன் கெட்டஸ், 2001-ல் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். நரம்பிழைகள் நேரடியாகக் கிழிந்ததால் வந்த சேதத்தைவிட, ஆக்சிஜன் கிடைக்காமல் போனதால் வந்த சேதமே அவற்றில் மிகுதி. மூச்சைக் கட்டுப்படுத்தும் மையம் கழுத்தும் தலையும் சேரும் இடத்துக்கு அருகில் இருக்கிறது. அங்கே அடிபட்டால் குழந்தை மூச்சுவிட மறக்கிறது, மூளை வீங்குகிறது, வீங்கிய மூளைக்கு ரத்தம் ஏற முடியாமல் போகிறது. உலுக்கல் சில நொடிதான். அது கிளப்பிவிடும் சங்கிலி மணிக்கணக்கில் ஓடும்.

இப்படிக் காயமடையும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இறந்துவிடுகிறது. பிழைத்தவர்களில் பலருக்குப் பார்வை போகிறது. வலிப்பு, கைகால் இறுக்கம், வளர்ச்சித் தாமதம் எனத் தொல்லைகள் தொடர்கின்றன. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். அதனால் மருத்துவர்களே தவறவிடுவதுண்டு. 1999-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, வன்முறையால் தலைக் காயம் பட்ட 173 குழந்தைகளின் கோப்புகளைத் திரும்பப் பார்த்தது. 54 பேருக்கு முதல் முறை வந்தபோது காரணம் பிடிபடவில்லை. வாந்தி எடுத்த குழந்தைக்கு வயிற்றுக் கோளாறு என்றும், சிடுசிடுத்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றும் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டுத் தொட்டிலைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. தூளியில் இதமாக ஆட்டுவது, மடியில் வைத்துக் கொஞ்சுவது, ஏப்பம் வர முதுகைத் தட்டுவது, மேடுபள்ளமான சாலையில் பஸ் பயணம் எதுவும் இந்தக் காயத்தை உண்டாக்காது. பக்கத்தில் நின்று பார்க்கும் யாருக்கும் "ஐயோ, புள்ளைக்கு ஏதாவது ஆயிடும்" என்று பதறத் தோன்றும் அளவு வன்மையான உலுக்கலைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

எலும்பிலிருந்து தொடங்கிய விசாரணை

இந்தக் காயத்தை முதலில் சந்தேகித்தவர் மூளை மருத்துவர் அல்ல, எக்ஸ்ரே மருத்துவர். அமெரிக்கரான ஜான் காஃபி 1946-ல் ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆறு பேருக்கும் மூளையுறைக்கு அடியில் நாள்பட்ட ரத்தக் கட்டு. கூடவே கைகால் எலும்புகளில் முறிவுகள். எப்படி அடிபட்டது என்று எந்த வீட்டிலும் விவரம் கிடைக்கவில்லை. காஃபி கண்டதை எழுதினார். யாரையும் குற்றம் சாட்டவில்லை. வீட்டுக்குள்ளேயே குழந்தைகள் தாக்கப்படுகிறார்கள் என்பதை மருத்துவ உலகம் வாய்விட்டுச் சொல்ல 1962 வரை, ஹென்றி கெம்ப் எழுதிய கட்டுரை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த துப்பு குரங்குகளிடமிருந்து வந்தது. பாகிஸ்தானில் பிறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் அயூப் ஓமயா, கார் விபத்தில் பின்னாலிருந்து இடி வாங்குவோருக்கு என்ன ஆகிறது என்று அறிய அமெரிக்காவில் பரிசோதனை நடத்தினார். தலை எதிலும் மோதாமல், கழுத்து வீசப்பட்டதாலேயே மூளையில் ரத்தக் கசிவு உண்டாகும் என்று 1968-ல் காட்டினார். இங்கிலாந்தின் ஹல் நகரில் பணியாற்றிய நார்மன் கத்கெல்ச் அதைப் படித்தார். தலையில் அடிபட்ட அடையாளமே இல்லாமல் மூளையுறைக்கடியில் ரத்தக் கட்டோடு வந்த குழந்தைகள் அவருக்கு நினைவில் இருந்தார்கள். 1971-ல் அவர் எழுதிய சிறு கட்டுரைதான் உலுக்கலையும் ரத்தக் கட்டையும் முதன்முதலாக முடிச்சுப் போட்டது. அடிப்பதைவிட உலுக்குவது சாதுவான கண்டிப்பு என்பதே அந்த வட்டாரப் பெற்றோரின் எண்ணமாக இருந்தது. தீங்கு செய்கிறோம் என்ற நினைப்பே பலருக்கு இல்லை.

மறுஆண்டே காஃபி மீண்டும் எழுதினார். இம்முறை மருத்துவர்களோடு நிற்காமல், உலுக்கலின் ஆபத்தைப் பெற்றோர் எல்லோருக்கும் எடுத்துச் சொல்லும் நாடு தழுவிய பிரசாரம் வேண்டும் என்று கேட்டார். நோயைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரே தடுப்பையும் முன்மொழிந்தார். ஆனால் அதை முறையாகச் செய்து பார்த்து அளந்து சொல்ல இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

யாருக்குக் கை மீறுகிறது

செய்தித்தாளில் இப்படியொரு வழக்கைப் படித்தால், "இப்படியும் ஒரு ராட்சசன் உண்டா" என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். எண்கள் வேறு விதமாகப் பேசுகின்றன. நெதர்லாந்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பெற்றோரிடம் பெயர் கேட்காமல் விசாரித்த ஓர் ஆய்வு 2004-ல் வெளியானது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆவதற்குள், அழுகை தாங்காமல் ஒரு முறையாவது அடித்ததாகவோ, வாயைப் பொத்தியதாகவோ, உலுக்கியதாகவோ 5.6 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டார்கள். வளமான நாடு, நல்ல மருத்துவ வசதி. அங்கேயே இருபது பெற்றோரில் ஒருவருக்கு மேல். இந்தியா உட்பட ஆறு நாடுகளின் 19 சமூகங்களில் தாய்மார்களிடம் விசாரித்த ஆய்வு 2010-ல் வந்தது. அவற்றில் 9 சமூகங்களில், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையை உலுக்கியதாக ஐந்தில் ஒருவராவது சொன்னார்கள். இவை எல்லாமே மூளையைக் காயப்படுத்திய உலுக்கல்கள் அல்ல. ஆனால் அந்தப் பழக்கத்துக்கும் விபரீதத்துக்கும் நடுவே இருக்கும் தூரம், ஒரு மோசமான இரவின் தூரம்தான்.

பலத்த காயம் வரை போன வழக்குகளில் கை பெரும்பாலும் ஆணுடையது: தந்தை, அல்லது தாயின் துணைவர். ஆணின் உடல் வலிமை ஒரு காரணம். தேற்றிப் பழகாத கை என்பது இன்னொன்றாக இருக்கலாம். பகலெல்லாம் குழந்தையோடு இருப்பவருக்கு எந்த அழுகை பசிக்கு, எந்த அழுகை தூக்கத்துக்கு என்று கொஞ்சமாவது பிடிபடும். ராத்திரி பதினொரு மணிக்கு வேலையிலிருந்து வந்து, களைத்துக் கிடக்கும் மனைவியிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொள்பவருக்கு எல்லாமே ஒரே கத்தல்.

பிரான்சில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட 29 பேரின் வாக்குமூலங்களை 2010-ல் ஒரு குழு ஆராய்ந்தது. பாதிக்கும் மேற்பட்டோர் பல முறை உலுக்கியிருந்தார்கள். திரும்பத் திரும்பச் செய்ததற்கு அவர்களில் பலர் சொன்ன காரணம்: உலுக்கியதும் குழந்தை அழுகையை நிறுத்தியது. இந்த நோயின் மிகக் கொடூரமான முடிச்சு இதுதான். மூளை கலங்கி மயங்கிய குழந்தை, சமாதானமாகித் தூங்குவது போலவே தெரிகிறது. வீட்டில் அமைதி திரும்புகிறது; அடுத்த நாள் மாலை அழுகை எழும்போது, நேற்று பலித்த வைத்தியம் கைக்கு ஞாபகம் வருகிறது.

இங்கே "உலுக்காதீர்கள்" என்ற எச்சரிக்கை மட்டும் எடுபடாது. பொறுமை அறுந்த நொடியில் யாரும் சுவரொட்டியை நினைத்துப் பார்ப்பதில்லை. அந்த நொடி வரும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். வந்தால் கைகள் என்ன செய்ய வேண்டும் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும்.

நான்கு இடங்கள், வெவ்வேறு முடிவுகள்

1998 டிசம்பரில் அமெரிக்காவின் பஃபலோ நகரைச் சுற்றியுள்ள எட்டு மாவட்டங்களில் நரம்பியல் அறுவை மருத்துவர் மார்க் டயஸ் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன், செவிலியர் தாய் தந்தை இருவரையும் உட்காரவைத்துப் பேசுவார். ஒரு துண்டுப் பிரசுரம், ஒரு குறும்படம். கடைசியில், "எங்களுக்குப் புரிந்தது" என்று இருவரும் விருப்பத்தோடு கையெழுத்திடும் ஒரு தாள். பல ஆண்டுகளாக உலுக்கப்பட்ட குழந்தைகளுக்கு அறுவை செய்து பழகியவர், அறுவைக்கு முன்னால் போய் நின்றார். 2005-ல் அவர் வெளியிட்ட கணக்கில், அந்தப் பகுதியில் இத்தகைய தலைக் காயங்கள் ஒரு லட்சம் பிறப்புக்கு 41.5-லிருந்து 22.2 ஆகக் குறைந்திருந்தன. ஏறக்குறைய பாதி.

எல்லோரும் உற்சாகமானார்கள். பல மாநிலங்கள் சட்டமே போட்டன. டயஸே பென்சில்வேனியா முழுவதற்கும் திட்டத்தை விரித்தார். 2017-ல் அந்த முடிவையும் மறைக்காமல் வெளியிட்டார்: மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை குறையவில்லை. வட கரோலினாவில் ரொனால்டு பாரின் அழுகைக் கல்வித் திட்டத்தை மாநிலம் முழுவதும் நடத்தியதிலும் காயங்கள் குறையவில்லை; அழுகை பற்றி உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகள் மட்டும் குறைந்தன. பெற்றோருக்கு நிம்மதி கிடைத்தது, அது பெரிய விஷயம்தான். ஆனால் எதிர்பார்த்தது அதுவல்ல.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் முடிவு வேறு மாதிரி இருந்தது. 2009-லிருந்து அங்கே செய்தியை மூன்று முறை சொன்னார்கள். பிரசவ வார்டில் செவிலியர் முதலில் சொன்னார். சில நாட்களில் வீட்டுக்கு வரும் பொதுச் சுகாதாரச் செவிலியர் இரண்டாம் முறை சொன்னார். ஊடகங்கள் வழியாக ஊரே கேட்கும்படி மூன்றாம் முறை. டயஸின் திட்டத்தோடு ஒப்பிட்டால் சொன்ன விஷயத்தின் அழுத்தமும் மாறியிருந்தது: பேச்சு அழுகையில் தொடங்கியது. ஆரோக்கியமான குழந்தையும் இப்படி அழும், இந்த வாரத்தில் ஏறும், இந்த மாதத்தில் இறங்கும், தேற்றினாலும் அடங்காமல் போகலாம், வலியில் துடிப்பது போல முகம் வைத்துக்கொண்டாலும் வலி இல்லாமல் இருக்கலாம். 2018-ல் வெளியான ஆய்வின்படி, இரண்டு வயதுக்கு உட்பட்டோரின் இத்தகைய காயங்கள் 35 விழுக்காடு குறைந்தன.

ஒரே செய்தி ஓரிடத்தில் பலித்து இன்னோரிடத்தில் பலிக்காதது ஏன்? செய்தியின் அளவும் தருணமும் ஒரு பகுதி விடையாக இருக்கலாம். பிரசவமான மறுநாள் கேட்டது, தூக்கமில்லாத ஆறாவது வாரத்தில் நினைவில் நிற்பது அபூர்வம். இன்னொரு பகுதி வீட்டுக்கு வெளியே இருக்கிறது. 2008-ஐ ஒட்டிய பொருளாதார நெருக்கடியின்போது அமெரிக்காவின் சில பகுதிகளில் இந்தக் காயங்கள் கூடின என்று 2011-ல் ஓர் ஆய்வு காட்டியது. குழந்தை பிறந்தவர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு தரத் தொடங்கிய கலிஃபோர்னியாவில், அப்படி விடுப்பில்லாத மாநிலங்களோடு ஒப்பிட்டால் இவை குறைந்தன என்றது 2016-ல் வந்த இன்னோர் ஆய்வு. விழிப்புணர்வு ஒரு மனிதரின் கையைத் தடுக்கும். அந்தக் கை நடுங்கும் அளவுக்குக் கடனும் வேலையிழப்பும் தூக்கமின்மையும் அழுத்தும்போது, அறிவுரையின் பலம் குறைகிறது.

நீதிமன்றத்தில் ஒரு சச்சரவு

இந்த நோயைப் பற்றிப் பேசும் எவரும் ஒரு விவாதத்தைத் தாண்டிப் போக முடியாது. மூளையுறைக்கடியில் ரத்தம், விழித்திரையில் கசிவு, மூளை வீக்கம் மூன்றும் இருந்தாலே யாரோ உலுக்கியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டலாமா? பல ஆண்டுகள் நீதிமன்றங்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டன. ரத்த உறைவுக் கோளாறு, சில வளர்சிதை மாற்ற நோய்கள், தொற்று, பிரசவத்தின்போது ஏற்பட்ட கசிவு போன்றவையும் சில அறிகுறிகளை உண்டாக்கலாம் என்பது பின்னால் பேசப்பட்டது. சில தண்டனைகள் ரத்தாகின. இந்த மூன்று அறிகுறிகளை மட்டும் வைத்து உலுக்கலை உறுதிசெய்ய அறிவியல் சான்று போதாது என்று ஸ்வீடனின் மருத்துவ மதிப்பீட்டு அமைப்பு 2016-ல் அறிவித்தது. குழந்தை மருத்துவர்கள் பலர் அந்த அறிக்கையின் முறையைக் கடுமையாக மறுத்தார்கள். தொண்ணூறு வயதைக் கடந்துவிட்ட கத்கெல்ச்சே தன் கட்டுரையை நீதிமன்றங்கள் பயன்படுத்தும் விதம் பற்றி வருந்தி எழுதினார்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2009-ல், உலுக்கலை மட்டும் சுட்டாமல், "வன்முறையால் வந்த தலைக் காயம்" என்ற பொருள்படும் பெயரைப் பயன்படுத்தச் சொன்னதற்கும் இதுவே பின்னணி. மோதலா, உலுக்கலா, இரண்டுமா என்பது ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே விசாரிக்க வேண்டியது. ஆனால் இந்தச் சச்சரவு, காயம் பட்ட பிறகு என்ன நடந்தது, யார் செய்தார் என்று கண்டுபிடிப்பதைப் பற்றியது. பச்சைக் குழந்தையை வன்மையாக உலுக்குவது ஆபத்து என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகம் இல்லை. தடுப்புக்கு அது போதும்.

"உரம் விழுந்திருக்கு"

நம் பக்கம் வருவோம். முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போய், மூன்று மாதமோ ஐந்து மாதமோ அங்கேயே இருக்கும் வழக்கம், அழுகைக் கோட்டின் உச்சியை அப்படியே மூடிவிடுகிறது. அந்த வாரங்களில் குழந்தை பாட்டி, சித்தி, அத்தை எனக் கை மாறிக்கொண்டே இருக்கும். ஒருவர் பொறுமை தீரும் முன் இன்னொருவர் வாங்கிக்கொள்வார். இது தானாக அமைந்த காப்பு. வேலைக்காக ஊர்விட்டு வந்து ஒற்றை அறையில் குடியிருக்கும் திருப்பூர்த் தம்பதிக்கோ, அம்மாவின் விசா முடிந்து அவர் ஊர் திரும்பிவிட்ட டல்லாஸ் தம்பதிக்கோ அந்தக் காப்பு இல்லை.

அதே பெரிய குடும்பத்திலிருந்தே வரும் ஓர் ஆபத்தும் உண்டு. குழந்தை ஓயாமல் அழுதால், "உரம் விழுந்திருக்கு, எடுத்துவிட்டாச் சரியாப் போயிடும்" என்பார்கள். தூக்கும்போது கழுத்திலோ தோளிலோ சுளுக்கு விழுந்துவிட்டது என்பது நம்பிக்கை. உரம் எடுப்பவர்களில் சிலர் எண்ணெய் தடவி இதமாக நீவிவிடுவதோடு சரி. சிலர் குழந்தையைச் சேலையில் போட்டு இரண்டு முனையையும் இருவர் பிடித்து உருட்டுவார்கள்; சிலர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவார்கள். குடலேற்றம் என்று சொல்லித் தலைகீழாகப் பிடித்துத் தட்டுவதும் உண்டு. தீங்கு செய்யும் எண்ணம் யாருக்கும் இல்லை. உரம் எடுக்கச் சொல்லும் பாட்டிக்குப் பேரன்மேல் இருக்கும் பாசத்தில் யாரும் குறை காண முடியாது. கழுத்து நிற்காத தலைக்கு மட்டும் அந்தப் பாசம் தெரியாது. அது விசைக்குத்தான் கட்டுப்படும்.

மெக்சிகோ வழிவந்த மக்களிடம் இதே போல ஒரு வைத்தியம் உண்டு. உச்சிக்குழி உள்வாங்கினால் அது கீழே விழுந்துவிட்டதாக நினைத்து, மேலே எழுப்பக் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குவார்கள். அப்படிச் செய்த குழந்தைக்கு மூளையுறைக்கடியில் ரத்தக் கட்டு ஏற்பட்டதை 1972-லேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று பதிவுசெய்தது. உச்சிக்குழி உள்வாங்குவது பெரும்பாலும் உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம். தேவை பாலும் மருத்துவமும்.

உரம் என்று சொல்லப்படும் அழுகையில் பெரும்பங்கு, பிரேசல்டனின் வளைகோட்டில் வருகிற அதே அழுகை. உரம் எடுத்த சில நாளில் சரியாகிவிட்டதே என்றால், எடுக்காவிட்டாலும் இறங்கத் தொடங்கும் வாரம் அது. எண்ணெய் தடவி நீவுவதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னால் பாட்டியின் மரியாதையும் குறையாது, குழந்தைக்கும் ஆபத்தில்லை.

என்ன சொல்வது, எப்போது சொல்வது

விழிப்புணர்வு என்றாலே நமக்குப் பேரணியும் பதாகையும்தான் நினைவுக்கு வரும். இந்த விஷயத்தில் அதைவிடச் சிக்கனமான வழி கையிலேயே இருக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. வீட்டுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு செவிலியர் எப்படியும் பார்க்கிறார். தேசியத் திட்டப்படி பிறந்த 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் களப்பணியாளர் வீடு தேடி வர வேண்டும். 42-ஆம் நாள் என்பது ஆறாவது வாரம், அழுகையின் உச்சி. ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த மூன்று தேதிகளும் ஆபத்துக் கோட்டின் மேலேயே விழுகின்றன. பிரிட்டிஷ் கொலம்பியா மூன்று முறை சொன்னதை இங்கே ஏழெட்டு முறை சொல்ல வழி இருக்கிறது. தனி ஊழியர் வேண்டாம், தனிக் கட்டடம் வேண்டாம்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். குழந்தை இரண்டாம் வாரத்திலிருந்து அதிகமாக அழத் தொடங்கும், ஆறாம் வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும், மூன்று, நான்கு மாதத்தில் குறைந்துவிடும். பசியா, ஈரமா, புழுக்கமா, எறும்பு கடித்ததா, ஏப்பம் வரவில்லையா என்று பாருங்கள். தோளில் போட்டு நடங்கள், உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள், தாலாட்டுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் அது உங்கள் தோல்வி இல்லை. பல்லைக் கடிக்கத் தோன்றினால், குழந்தையைத் தரையில் விரித்த பாயிலோ விழ வழியில்லாத படுக்கையிலோ மல்லாக்கப் படுக்கவையுங்கள். பக்கத்து அறைக்குப் போங்கள். முகம் கழுவுங்கள், யாருக்காவது போன் செய்யுங்கள். ஐந்து, பத்து நிமிடத்தில் வந்து பாருங்கள். அழுவதால் எந்தக் குழந்தையும் செத்துப்போவதில்லை; உலுக்கினால் செத்துப்போகலாம்.

சில அழுகைகள் மட்டும் வேறு வகை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, வலிப்பு வந்தாலோ, துவண்டு கிடந்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். யாராவது உலுக்கியிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வதுதான் குழந்தைக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. எதைத் தேடுவது என்று தெரியாமல் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையின் கணக்கில்தான் போகிறது.

கடைசியாக, யாரிடம் சொல்வது? நம் தாய் சேய் நலத் திட்டங்கள் எல்லாம் தாயிடம்தான் பேசுகின்றன. தடுப்பூசி அட்டையை வைத்திருப்பவள் அவள், அங்கன்வாடிக்கு வருபவள் அவள். பலத்த காயங்களில் பெரும்பங்குக்குக் காரணமானவர்களோ ஆண்கள். பிரசவ வார்டுக்கு வெளியே மிட்டாய்ப் பெட்டியோடு நிற்கும் அப்பாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லாத வரை, இந்தச் செய்தி பாதி வழியில்தான் நிற்கும். தமிழ்நாட்டில் பெண் அரசு ஊழியருக்கு ஓராண்டு மகப்பேறு விடுப்பு உண்டு. தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் அப்பாவுக்கு ஒரு நாள் விடுப்பைக்கூடச் சட்டம் உறுதிசெய்யவில்லை. குழந்தையைத் தேற்றிப் பழக அவருக்கு நாட்களைக் கொடுக்காமல், ஆறாவது வாரத்து இரவில் அவரிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்க்கிறோம். காஃபி கேட்ட பிரசாரத்தை இன்று தொடங்குபவர்கள், அந்த அப்பாவுக்கு வேண்டிய விடுப்பையும் சேர்த்தே கேட்க வேண்டும்.